தலைக்கு ஊற்றும் டீத்தண்ணி

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

வால்பாறையில் ஆடி மழை விடாமல் பெய்கிறது. துணி எதுவும் காயவில்லை. அப்பாவுக்கு முட்டிவலி முன்னைப் போலத்தான். மற்றதெல்லாம் அண்ணன் சொல்லியிருப்பான்.

மேல்வீட்டு அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் வருகிறான். அவனிடம் அரைக் கிலோ டீத்தூள் கொடுத்துவிடுகிறேன். குடிக்க இல்லை, தலைக்கு. இரண்டு ஸ்பூன் தூளை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு 5 நிமிஷம் கொதிக்கவிடு. பால், சர்க்கரை கூடாது. வடிகட்டி நன்றாக ஆறவை. ஷாம்பு போட்டு அலசின பிறகு தலையில் ஊற்றி, கால் மணி நேரம் கழித்துப் பச்சைத் தண்ணீரில் அலசு. வாரம் ஒரு தடவை போதும். ரொம்பத் திக்காக இருந்தால் அந்தத் துவர்ப்பே முடியை வறட்டிவிடும். பழைய துண்டை எடுத்துக்கொள், கறை லேசில் போகாது. ஆறின பிறகுதான் ஊற்ற வேண்டும், அவசரப்படாதே.

போன மாசம் வீடியோவில் வந்தாயே, சால்வையைத் தலையோடு போட்டுக்கொண்டு. குளிருகிறது என்றாய். எதையோ எடுக்கக் குனிந்தபோது சால்வை நழுவியது. வகிடு இரண்டு விரல் அகலம் தெரிந்தது. அதற்குப் பிறகு நீ வீடியோ போடுவதே இல்லை.

நம் வீட்டில் முதலில் டிகிரி வாங்கினவள் நீ. கொழுந்து எடை போடுகிற இடத்தில் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டுதான் நிற்பேன். அத்தனை படித்தவளுக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா?

காய்ச்சலோ, ரத்தக்குறைவோ, மனசு தாங்காத எதுவோ வந்து போனால் முடி அன்றைக்கே கொட்டாது, இரண்டு மூன்று மாசம் கழித்துத்தான் கொட்டும் என்று எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னார்கள். விரலை மடக்கிப் பார்த்தேன். கணக்கு சித்திரையில் போய் நிற்கிறது. சித்திரையில் உனக்கு என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. கொட்டுவது தானாக நின்று முடி திரும்ப வளர்ந்துவிடுமாம். அதையும் அவர்களே சொன்னார்கள்.

சாப்பாட்டோடு டீ குடிக்காதே. கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். ரத்தம் கொடுத்து ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடு. டீத்தண்ணி முடிக்குப் பளபளப்பும் கொஞ்சம் நிறமும் தரும். கொட்டுவதை அது நிறுத்தாது. 26 வருஷம் கொழுந்து பறித்தவள் சொல்கிறேன், நம்பு. பிறகு ஏன் கொடுத்துவிடுகிறாய் என்று கேட்பாய். வேறு என்ன இருக்கிறது என் கையில்?

ஒன்று சொல்ல வேண்டும். எட்டாவது படிக்கும்போது டைபாய்டு வந்து உனக்குக் கொத்துக்கொத்தாக முடி கொட்டியதே. பழனிக்குக் கூட்டிப் போய் மொட்டை போட்டேன். முருகனுக்கு நேர்ந்துகொண்டேன் என்றேன். அது பொய், பாப்பா. நான் ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை. தினமும் சீப்பில் வருவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் மொத்தமாக எடுத்துவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். சாமி குத்தம் என்று உன் வாயை அடைத்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது நீ சால்வையை இழுத்து மூடும்போது, என்னிடமிருந்துதான் மறைக்கிறாய் என்று தோன்றுகிறது.

டீத்தண்ணியை ஆறவைத்து ஊற்று. வயிறாரச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஞாயிறு ராத்திரி 8 மணிக்குப் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும்.

அம்மா