கடலோர ஊரில் கடல் எங்கே? ரை விடுதி பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் இங்கிலாந்துச் சுற்றுலாவில் ஓர் இரவு ரை என்ற சிற்றூரில், மெர்மெய்ட் இன் விடுதியில் தங்குகிறோம். போய்வந்தவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "கடலோர ஊர் என்றீர்களே, ஜன்னலைத் திறந்தால் கடலையே காணோமே?" நியாயம்தான். இனிப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

கடல் இருந்தது, பின்வாங்கிவிட்டது. 1287-இல் அடித்த பெரும்புயலில் பக்கத்து ஊரான பழைய வின்செல்சி அழிந்தது. நியூ ராம்னி என்ற ஊரருகே கடலில் கலந்துகொண்டிருந்த ராதர் ஆறு ரை பக்கம் திரும்பியது. இந்த ஊர் துறைமுகமாகச் செழித்ததில் அந்தப் புயலுக்கும் பங்குண்டு. அப்புறம் அலை கூழாங்கல்லைக் குவித்தது, ஆறு வண்டலைக் கொட்டியது, சதுப்பு நிலத்தை மனிதர்களும் கரை கட்டி மேய்ச்சல் நிலமாக்கினார்கள். இப்போது கடல் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது.

விடுதியின் நிலவறை 1156-ஐச் சேர்ந்தது என்கிறார்கள். மேலே இருப்பது 1420-இல் திரும்பக் கட்டியது, அதில் பிற்காலச் சேர்க்கைகளும் உண்டு. அதற்கு முன்பு, 1377-இல் பிரெஞ்சுப் படை இறங்கி ஊரைக் கொளுத்தியது. பெரும்பாலும் மர வீடுகள், மிஞ்சியது கொஞ்சம்தான். தேவாலய மணிகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரை ஆட்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே, புயலுக்குப் பின் புதிய இடத்தில் எழுந்த வின்செல்சியின் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு பிரான்சின் நார்மண்டிக்குக் கப்பலேறி, மணிகளை மீட்டு வந்தார்கள்.

அறையில் தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், உத்தரம் வளைந்திருக்கும். பயப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் ஓக் மரத்தை ஈரம் காயுமுன்பே அறுத்துப் பொருத்தினார்கள். அது காயக் காயச் சுருங்கி முறுக்கிக்கொண்டது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் நினைத்தபடி இடித்து மட்டம் செய்யவும் முடியாது. உத்தரங்கள் உடைந்த கப்பல்களிலிருந்து வந்தவை என்று வழிகாட்டி சொல்வார். இங்கிலாந்துக் கரையில் எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவே.

கடத்தல்காரர் கதை மட்டும் கட்டுக்கதை இல்லை. 1730, 40-களில் ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் இங்கே வெளிப்படையாகவே உட்கார்ந்து குடித்தது, குண்டு நிரப்பிய துப்பாக்கிகளை மேசைமேல் வைத்துக்கொண்டு. அவர்கள் கடத்தியதில் தேயிலைக்கு முக்கிய இடம்! வரி அத்தனை கடுமை. அதிகாரிகள் பறித்துவைத்த தேயிலையை மீட்க 1747-இல் பூல் நகரச் சுங்கக் கிடங்கையே உடைத்தார்கள். 1749-இல் தலைவன் தாமஸ் கிங்ஸ்மில் தூக்கிலிடப்பட்டதோடு கும்பலின் கொட்டம் அடங்கியது. விடுதியின் ஓர் அறையில் புத்தக அலமாரிக்குப் பின்னால் ரகசியப் படிக்கட்டு இருக்கிறது. பேய்க்கதைகளும் நிறைய. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

இரண்டாம் உலகப் போரில் கனடா நாட்டுப் படை அதிகாரிகள் இங்கே தங்கினார்கள். இப்போது உங்கள் முறை.

சரி, காரியத்துக்கு வருவோம். விடுதி இருக்கும் மெர்மெய்ட் தெரு செங்குத்தான கூழாங்கல் பாதை, சக்கரப் பெட்டி அங்கே உருளாது. ஓர் இரவுக்கு வேண்டியதைத் தோள்பையில் வைத்துக்கொண்டு, பெரிய பெட்டிகளைப் பேருந்திலேயே விட்டுவிடுங்கள். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தள அறை வேண்டுமென்று பதிவின்போதே சொன்னால் கேட்டுப் பார்க்கிறோம். கடல் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்காக, மறுநாள் காலை சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள காமர் சாண்ட்ஸ் மணற்கரைக்குக் கூட்டிப்போகிறோம்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்