எங்கள் பாவாயியைப் பாவாயி என்றே கூப்பிடுங்கள்

சேலம் மாவட்டத்துத் தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பெயரை மாற்றி எழுதும் பழக்கம் உங்களில் பலருக்கும் தெரிந்ததுதான். முதல் வகுப்பில் சேர்க்க வந்து நிற்கிற அப்பா அம்மாவிடம், "இந்தக் காலத்துல இப்படி ஒரு பேரா, வேற நல்ல பேரா இருந்தா சொல்லுங்க" என்பீர்கள். அவர்கள் பதில் தெரியாமல் முழிக்கும்போது நீங்களே ஒரு பெயரைச் சொல்லி அதையே பதிவேட்டிலும் எழுதிவிடுவீர்கள். பிள்ளை நாளைக்கு நாலு பேர் முன்னால் கூச்சப்படக் கூடாது என்கிற நல்ல எண்ணத்தில்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறீர்கள் என்று நம்புகிறேன். அந்த நல்ல எண்ணத்தால் என் தம்பி குடும்பம் படுகிற பாட்டைச் சொல்லத்தான் இந்த மடல்.

என் தம்பி மகள் பெயர் பாவாயி. எங்கள் ஆயாவின் பெயர் அது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்து, மிளகு பறித்து, அந்தக் கூலியிலேயே எங்கள் அப்பாவையும் அவர் கூடப் பிறந்தவர்களையும் ஆளாக்கியவர். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பாவாயி என்றுதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மட்டும் பாவ்யா. பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் ஏற்றியிருப்பதும் பாவ்யா. சேர்க்கும்போது டீச்சர் சொன்னதைக் கேட்டுத் தம்பி தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறவன், டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்காமல் வேறு என்ன செய்வான்?

இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். நாங்கள் மலையாளிகள், கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலையில் வாழ்கிற பட்டியல் பழங்குடி. எங்களுக்கு அந்தச் சான்றிதழ் கோட்டாட்சியர் தர வேண்டியது, விசாரணை இல்லாமல் கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். அப்பாவின் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்று எல்லாம் சேர்த்துக் கொடுத்தும், பெயர் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. சரி, பள்ளியில் போய்த் திருத்தச் சொல்லலாம் என்று போனால் அங்கே கிடைத்த பதிலை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. "நீங்க பர்த் சர்டிபிகேட்டைப் பாவ்யான்னு மாத்திக்கிட்டு வந்துருங்க, அதுதான் சுலபம்" என்றார்களாம்.

பெற்றவர்கள் வைத்த பெயர், சட்டப்படி பதிவான பெயர். அதை மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் ஒருவர் தன் இஷ்டத்துக்கு எழுதியதைக் காப்பாற்றுவதற்காக! 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்த பெயர் அது. ஆதாரில் ஒருவர் வாழ்நாளிலேயே சாதாரணமாக இரண்டு தடவைதான் பெயரைத் திருத்த முடியும். அதில் ஒன்றை இந்தப் பிள்ளை எட்டு வயதில், தான் செய்யாத தப்புக்காகச் செலவழிக்க வேண்டுமா? அன்றாடக் கூலியை விட்டுவிட்டு, மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் அலுவலகம் அலுவலகமாக நின்றுவிட்டு, கடைசி பஸ் போய்விடுமோ என்று பதைத்துக்கொண்டே திரும்புகிற மனிதனுக்கு இதில் எது சுலபம்?

காகித அலைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் அவளுடைய நோட்டுகளுக்கு அட்டை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பழைய தமிழ் நோட்டின் மேல் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தேன். குண்டு குண்டாகப் 'பாவாயி' என்று எழுதியிருக்கிறாள், வகரத்தின் கால் மட்டும் அடுத்த எழுத்தில் இடிக்கிறது. அதைச் சிவப்பு மையில் குறுக்கே அடித்துப் பக்கத்தில் 'பாவ்யா' என்று திருத்தியிருக்கிறார்கள், எழுத்துப் பிழையைத் திருத்துகிற மாதிரி. புது லேபிளில் என்ன எழுத என்று கேட்டேன். "பா மட்டும் எழுதுங்க அத்தை, மீதிய நான் ஸ்கூல்ல எழுதிக்கிறேன்" என்கிறாள். பக்கத்தில் ஆயா உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தன் பெயரைத்தான் கொள்ளுப்பேத்தி ஒளிக்கிறாள் என்று அவருக்குப் புரிந்திருக்கும். எதுவும் பேசவில்லை.

பழைய பெயர் என்பதுதானே உங்கள் குறை? பெயர் என்று இருந்தால் அதற்கும் வயசாகத்தான் செய்யும். ஒரு காலத்தில் உஷா, லதா, கீதா என்றால் பட்டணத்துப் புதுப் பெயர். இன்று அந்தப் பெயர்க்காரர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, மலர்விழி எல்லாம் தமிழ் உணர்வு பொங்கிய ஒரு தலைமுறையின் பெயர்கள், உங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒருவராவது இருப்பார். இப்போது வருகைப் பதிவேட்டைத் திறந்தால் காவ்யா, நவ்யா, திவ்யா, தன்ஷிகா, ஹன்சிகா. இவர்களும் கிழவிகள் ஆவார்கள், அன்றைக்கு வருகிற குழந்தைகளுக்கு ஹன்சிகா என்பது பாட்டி காலத்துப் பெயராகப்படும். வயசாகாத பெயர் ஒன்றை உங்களால் எந்தப் பிள்ளைக்கும் தர முடியாது.

பழைய பெயர் எல்லாமே உங்களுக்கு உறுத்துவதும் இல்லையே. மீனாட்சி பழைய பெயர்தான், காமாட்சி பழைய பெயர்தான், அவர்களிடம் யாரும் வேறு பெயர் கேட்பதில்லை. ஆதிரை மணிமேகலைக் காப்பியத்துப் பெயர், இப்போது ஆசை ஆசையாக வைக்கிறார்கள், உங்களுக்கும் பிடிக்கிறது. பாவாயி, நல்லாயி, குப்பாயி, மாதம்மா, சேர்வராயன் என்று வந்தால்தான் பேனா நிற்கிறது. காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்தவர்களின் பெயர்கள் இவை. சேர்வராயன் எங்கள் மலை உச்சிக் குகைக் கோயிலில் இருக்கிற சாமி, பக்கத்தில் காவேரியம்மன். அந்தச் சாமியின் பெயரைச் சூடிய பையனை வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தால், சிரிக்கிற பிள்ளைகளைத் திருத்த வேண்டியவர்கள் நீங்கள். பெயரை மாற்றிவிட்டால் சிரித்தது சரி என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததாகத்தானே ஆகும்?

குப்பாயி என்ற பெயர் எதற்கு வைப்பார்கள் என்பது உங்களில் கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். முன்னால் பிறந்தவை தங்காமல் போன வீட்டில், இதுவாவது தங்கட்டும் என்று குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து வைக்கிற பெயர். பெண் சிசுக்கள் சாகிற கொடுமை தாங்காமல் 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, அதைத் தொடங்கியது நம் சேலம் மாவட்டத்தில்தான். அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரு வீட்டில் பெண் பிறந்து, அவளுக்கு வீட்டின் மூத்தவள் பெயரை ஆசையாக வைக்கிறார்கள் என்றால் நீங்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம், சிவப்பு மையில் குறுக்கே அடிக்காமலாவது இருக்கலாம்.

பெயரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார், அது அவரே எடுத்த முடிவு. நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது 1944இல் நம் சேலத்தில்தான், அதற்கு மாநாடு கூடித் தீர்மானம் போட்டார்கள். போதும்பொண்ணு என்று பெயர் வாங்கிய ஒரு பெண் வளர்ந்து அது வேண்டாம் என்றால் அவளுக்கு முழு உரிமை உண்டு, அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ள வழியும் இருக்கிறது. பெயருக்கு உரியவர் கேட்டு மாற்றுவது வேறு, கேட்காமலேயே நீங்கள் மாற்றுவது வேறு.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பல படிவங்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. கடைசிப் பெயரே இல்லாத நம் பிள்ளைகள் அப்பா பெயரை எங்கே எழுதுவது, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தடுமாறுகிறார்கள், ஒரு புள்ளி இடம் மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வருகிறது. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை, தெரியும். ஆனால் வெளியே இவ்வளவு குழப்பம் காத்திருக்கும்போது பள்ளிக்கூடமாவது ஒரே பெயரில் அவர்களை அனுப்பி வைக்க வேண்டாமா?

கோபத்தில் வார்த்தை ஏதாவது கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மலையில் முதல் தலைமுறையாக எழுதப் படிக்கக் கற்றவர்கள் உங்களால்தான் கற்றார்கள், அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. கேட்பது இதுதான். பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயரை அப்படியே பதிவேட்டில் எழுதுங்கள், அதே பெயரில் கூப்பிடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கே பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டது. அவர்கள் பள்ளிக்கு வருகிற வரைக்கும் காத்திருக்காமல், இப்போது படிக்கிறவர்களுக்கும் இதைச் செய்யுங்கள்.

ஏற்கெனவே மாற்றி எழுதியிருந்தால், பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போகும்வரை விட்டுவைக்காதீர்கள், மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வருகிற நாளில் எமிஸில் இருக்கிற பெயரை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், எங்கள் ஆட்களில் பலருக்குத் திரையைப் பார்த்துப் படிக்க வராது. தப்பு என்று அவர்கள் சொன்னால், சான்றிதழின் நகலை வாங்கிக்கொண்டு நீங்களே திருத்தத்துக்கு அனுப்புங்கள், அவர்களை அலைய விடாதீர்கள். எங்கள் பிள்ளையிலிருந்தே தொடங்கினால் நன்றாக இருக்கும், அவளுடைய விண்ணப்பத்தை மறுபடி போட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பாவாயியின் அத்தை,
ஏற்காடு