வெளிறிய முருகைக்கல் செத்த முருகைக்கல் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு மீன் தொட்டிகள் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், தொட்டியிலுள்ள முருகைக்கல் வெளிறிவிட்டால் அது செத்துவிட்டது என்றும், எடுத்தெறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. கட்டாரில் வேலை செய்த காலத்தில் ஏழு ஆண்டுகள் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

முருகைக்கல் (பவளம்) பெயரில் கல்லானாலும் உயிருள்ள பிராணி; அதன் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவில்தான் அது பெரும்பாலும் பிழைக்கிறது. நிறத்தின் பெரும்பங்கும் அவற்றால் வருவதே. நீர் அளவுமீறிச் சூடேறினாலோ வெளிச்சம் திடீரென்று கூடினாலோ அந்தப் பாசிகள் வெளியேறிவிட, கண்ணாடி போலாகிவிட்ட தசைக்கு ஊடாக உள்ளேயிருக்கும் வெள்ளைக் கூடு தெரிகிறது. அது பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். தசையே உரிந்து வெறுங்கூடு தெரிந்து, அதில் பச்சைப்பாசி படரத் தொடங்கினால் மட்டுமே அந்தப் பகுதி செத்ததாகக் கொள்ளலாம்.

டோஹாவில் ஒரு கோடையில் அறையின் ஏசி பழுதாகி, 26 பாகையில் இருந்த தொட்டி நீர் 32 பாகைக்கு ஏறியது. பண்ணையில் வளர்த்து விற்கப்பட்ட, சுத்தியல் தலை போன்ற நுனிகளைக் கொண்ட என் முருகைக்கல் சில நாட்களில் பால்வெள்ளையானது. ஆனால் இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தபோது நுனிகள் வெளியே நீண்டு நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருந்தன. வெப்பத்தை ஒரே நாளில் இறக்காமல் நாளுக்கு ஒரு பாகையாகக் குறைத்தேன்; விளக்கின் வெளிச்சத்தைப் பாதியாக்கினேன்; வாரத்தில் இரண்டு இரவு பம்பை நிறுத்திவிட்டு, முட்டையிலிருந்து பொரித்து வந்த இறால் குஞ்சுகளை ஊசியில்லாத சிரிஞ்சால் நுனிகளின் மேல் மெல்ல விட்டேன். லீற்றருக்கு 35 கிராம் என்ற உப்பளவு மாறாதிருக்க, ஆவியாகிக் குறைந்ததை வடிகட்டிய நன்னீரால் மட்டும் நிரப்பினேன், ஏனெனில் நீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். இடத்தை மாற்றவில்லை, கையால் தொடவுமில்லை. ஆறாவது வாரத்தில் ஒரு நுனியின் அடியில் பிளேன்டீ சிந்திய கறை போல மங்கிய பழுப்பு தெரிந்தது. நான்கு மாதத்தில் முழு நிறமும் திரும்பியது.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு முந்திய ஆண்டு, மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கென்று ஒரு கடையில் தந்த மருந்தை லேபலைப் படிக்காமல் தொட்டியிலேயே ஊற்றினேன். அதில் செம்பு இருந்தது. மீன் தாங்கும் செம்பை இறாலும் நத்தையும் முருகைக்கல்லும் தாங்கமாட்டா, மூன்றையும் இழந்தேன்.

கட்டுரையின் யோசனை எங்கள் மாவட்டத்தில் இன்னொரு கெடுதலையும் செய்யும். 'புதிதாக ஒன்று' என்றதும் இங்குள்ள இளைஞர் சிலருக்கு முதலில் நினைவு வருவது பாசிக்குடாவின் ஆழமற்ற கடல்தான். உயிருள்ள முருகைக்கல்லைக் கடலிலிருந்து உடைத்தெடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். 1998 இலும் 2016 இலும் கடல் சூடேறியபோது எமது கரையோர முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறின. அதற்குப் பின் எஞ்சியவற்றிலும் மீண்டவற்றிலும்தான் இவர்கள் கைவைக்கப் போகிறார்கள்.

ஆகவே இத்திருத்தத்தை அடுத்த ஞாயிறு பதிப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்திலேயே வெளியிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.