கொச்சிக்குச் சுற்றுலா போகும் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள வரலாற்று ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

கொச்சி டூர் என்றால் சீன வலை, மட்டாஞ்சேரி அரண்மனை, 1568-இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளி (பள்ளிக்கூடம் இல்லை, யூதர்கள் தொழும் இடம்). அங்கே தரையில் பதித்த நீலச் சீன ஓடுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். இந்த முறை அரை நாள் ஒதுக்கி வடக்குப் பரவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போய்வாருங்கள். இரண்டு ஊரிலும் பழைய யூதப் பள்ளியைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

நம் வகுப்பில் யூதர் என்ற சொல் பெரும்பாலும் ஹிட்லர் பாடத்தில்தான் வருகிறது. பிள்ளைகளுக்கு அவர்கள் கொல்லப்பட்டவர்களாக மட்டுமே தெரியும். சேந்தமங்கலத்தில் அவர்கள் அண்டைவீட்டுக்காரர்கள். கோயில், மசூதி, தேவாலயம், யூதப் பள்ளி நான்கும் கிட்டக்கிட்ட இருக்கிற ஊர் அது. பள்ளியின் முன்னால் ஒரு கல் நிற்கும். 'இஸ்ரவேலின் மகள் சாரா' என்று எபிரேயத்தில் வெட்டிய கல்லறைக் கல், ஆண்டு 1269. அவளைப் பற்றி வேறொன்றும் தெரியாது. அங்கே கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள்.

உள்ளே, மாடியில் பெண்கள் அமரும் இடம், மரச் சட்டத் தடுப்புக்குப் பின்னால். அதை ஒட்டியே வேதம் வாசிக்க இரண்டாவது மேடை. இது கேரள யூதர்களின் வழக்கம். அந்தப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுகள் பாடி, நோட்டுகளில் எழுதி வைத்தார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபோனபோது அந்த நோட்டுகளும் கூடவே போயின.

கிளம்பும் முன் வகுப்பில் ஒன்று செய்யுங்கள். சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஈசுப்பு இரப்பான் என்ற யூத வணிகருக்கு 72 உரிமைகள் கொடுத்தான். செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதில் வருவதை உரக்கப் படியுங்கள்: பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம். எந்தப் பிள்ளைக்கு அர்த்தம் சொல்ல வேண்டும்? பாவாடைக்கு மட்டும் சொல்லுங்கள், நம் கோயிலில் நடப்பதற்கு விரிக்கிற நடைபாவாடைத் துணிதான் அது என்று.

அப்புறம், சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். மட்டாஞ்சேரியில் இருக்கிற பரதேசிப் பள்ளி அன்று பார்வையாளருக்குத் திறக்காது. பரவூர்ப் பயணத்தை அன்றைக்கு வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை