வாட்ஸ்அப் பறிபோனால் ஊரைக் கூட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைய மோசடியில் சிக்காமல் இருப்பது எப்படி என்று நிறைய படித்துவிட்டோம். சிக்கியவர்கள் அடுத்து என்ன செய்வது என்பதைத்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை. போன மாதம் நான் சிக்கினேன்.

கூடப் படித்த தோழியின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "என் ஓடிபி தவறுதலாக உன் போனுக்கு வந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பு." அவள்தானே என்று, அது என் வாட்ஸ்அப்பைத் திறக்கும் ஓடிபி என்பது தெரியாமல், 6 இலக்கத்தையும் அனுப்பிவிட்டேன். சற்று நேரத்தில் என் வாட்ஸ்அப் என் கையில் இல்லை. உறவுக்காரர்கள் எல்லாருக்கும் என் பெயரில் "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அவசரமாகப் பணம் வேண்டும்" என்று போயிருக்கிறது. சித்தி மகன் 15,000 ரூபாய் அனுப்பிவிட்டான்.

விஷயம் புரிந்த பிறகும் இரண்டு மணி நேரம் யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. இந்த வயதில் இப்படி ஏமாந்தோமே என்ற வெட்கம். தம்பி பணம் அனுப்பியது அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான். இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

மாலையில் மகள் வந்து, என் போனிலேயே அதே எண்ணை மறுபடி பதிவு செய்தாள். எஸ்எம்எஸ்ஸில் வந்த புது ஓடிபியைப் போட்டதும், இன்னொரு பின் நம்பர் கேட்டது. அது திருடன் போட்டு வைத்த பூட்டு. அது தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டுமாம். அழுகையே வந்துவிட்டது. மகள்தான் விளக்கினாள்: எஸ்எம்எஸ் ஓடிபியைப் போட்ட உடனேயே அவன் வெளியே தள்ளப்பட்டுவிட்டான்; 7 நாள் நமக்குத்தான் தாமதம், அவனாலும் அதற்குள் நம் பெயரில் எழுத முடியாது. பழைய உரையாடல்களும் நம் போனில்தான் இருக்கின்றன, அவன் கைக்குப் போகவில்லை. இது தெரியாமல், பின் நம்பர் கேட்குமே என்று பயந்து ஓடிபியைக்கூடப் போடாமல் விடுபவர்கள் இருப்பார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

அப்புறம் தம்பியை, இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்குப் பேச வைத்தோம். பணம் யார் கணக்கிலிருந்து போனதோ அவரே, பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. திருடன் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுவதற்குள் வங்கி அதை நிறுத்தி வைக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். தம்பியின் பணம் இன்னும் திரும்பவில்லை.

எட்டாம் நாள் கணக்கு கிடைத்ததும் முதல் வேலையாக இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது திருடன் போட்டது போன்ற அந்தப் பின் நம்பர் பூட்டை, நாமே போட்டு, மின்னஞ்சலையும் சேர்த்தோம்.

அந்தத் தோழியைப் போனில் பிடித்தேன். அவள் கணக்கு எனக்கு இரண்டு நாள் முன்பே பறிபோயிருக்கிறது. வெட்கப்பட்டு அவளும் யாரிடமும் சொல்லவில்லையாம். அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் அதையேதானே செய்தேன்? வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால் முதலில் திட்டாதீர்கள். ஆளுக்குப் பத்துப் பேரைப் போனில் கூப்பிட்டு, "அந்தச் செய்தி அவர் அனுப்பியது இல்லை, பணம் போடாதே" என்று சொல்லுங்கள்.

1930 என்ற எண்ணையும், அந்த 7 நாள் விஷயத்தையும் உங்கள் இதழில் பெரிய எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட முடியுமா? என் வயதுக்காரர்கள் கத்தரித்து போன் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்