கீபோர்டு ரிப்பேர் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஒரு ஜவுளிக் கடையிலிருந்து அவசரமாக போன். "கீபோர்டு போயிடுச்சு சார், அடிச்சா எழுத்தே வரலை." புது கீபோர்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே போனோம். பழையதில் ஒரு குறையும் இல்லை. பில் விண்டோவைப் பார்த்துக்கொண்டு அந்தத் தம்பி அடித்த எண்களெல்லாம், பக்கத்தில் திறந்திருந்த எக்செல் சரக்குப் பட்டியலில் போய் உட்கார்ந்திருந்தன. முதலாளியிடம் அவருக்கு நல்ல திட்டு. எங்களைக் கேட்டால், தப்பு அவர் மேல் இல்லை.

திரையில் எத்தனை விண்டோ திறந்திருந்தாலும், கீபோர்டு ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் பேசும். அதைத்தான் ஆக்டிவ் விண்டோ என்கிறோம். விண்டோஸ் 95, 98 காலத்தில் அதன் தலைப்பட்டை, அதாவது விண்டோவின் உச்சியில் பெயர் இருக்கும் பட்டை, நீலமாக இருக்கும், மற்றவை சாம்பல். கல்லாவில் நின்றே கண்டுபிடித்துவிடலாம். 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது எல்லாப் பட்டையும் வெள்ளையாகிவிட்டது. பலரும் முணுமுணுத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் அப்டேட்டில் நிறம் திரும்ப வந்தது, ஆனால் நாமே தேடிப்போய் ஆன் செய்தால்தான் உண்டு. விண்டோஸ் 11-லும் அதே கதை.

இதில் மவுஸ் சக்கரம் வேறு குழப்பும். விண்டோஸ் 10-லிருந்து, கிளிக் செய்யாமலே அம்புக்குறி எந்த விண்டோ மேல் இருக்கிறதோ அது உருளும். பில் உருண்டதும் கீபோர்டும் அங்கேதான் இருக்கிறது என்று கை நம்பிவிடுகிறது. ஜவுளிக் கடையில் நடந்தது அதுதான். எங்களுக்குப் பிடித்த வசதிதான் இது. ஆனாலும் பில் கவுண்டர் கம்ப்யூட்டரில் அதை அணைத்துவிடுவது நல்லது. செட்டிங்ஸில் மவுஸ் பக்கத்தில் 'ஸ்க்ரோல் இன்ஆக்டிவ் விண்டோஸ்' என்று தொடங்கும் வரி அது.

நிறத்துக்கு, செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், கலர்ஸ் என்று போங்கள். கீழே 'டைட்டில் பார்ஸ்' என்ற சொல் வரும் வரியை ஆன் செய்தால் போதும், உடனே ஆக்டிவ் விண்டோவின் பட்டை நிறமாகும். அதன் மேலேயே உள்ள ஸ்டார்ட், டாஸ்க்பார் வரி மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் கவலை வேண்டாம். திரை வெள்ளைப் பின்னணியில் இருக்கும் லைட் மோடில் அது அப்படித்தான். நிறத்தை மட்டும் ஆட்டோமேட்டிக்கில் விடாதீர்கள். வால்பேப்பரில் சாமி படம் மாறினால் பட்டையின் நிறமும் மாறிவிடும். வெளிர் நிறங்கள் வேண்டாம், வெள்ளைக்குப் பக்கத்தில் தெரியாது. சிவப்பு, பச்சை சிலருக்குப் பிரித்துத் தெரியாது என்பதால் நாங்கள் அடர் நீலம்தான் வைக்கிறோம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். எக்செல், வேர்டு போன்றவை தலைப்பட்டையைத் தாங்களே வரைந்துகொள்கிறவை. நீங்கள் தேர்ந்தெடுத்த நிறத்தை அவை மதிக்காது. அங்கே ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு வந்தாலே அதிகம். சந்தேகம் வந்தால், திரையின் அடியில் ஐகான்கள் வரிசையாக இருக்கும் டாஸ்க்பாரைப் பாருங்கள். விண்டோஸ் 11-இல் ஆக்டிவ் புரோகிராமின் ஐகானுக்குக் கீழே நீளமான கோடு இருக்கும், மற்றவற்றுக்குச் சின்னப் புள்ளி மாதிரிதான்.

கண்ணாடி போட்டும் சிரமப்படுகிற பெரியவர்கள் கணக்கு எழுதுகிற இடங்களில் இன்னொன்றும் செய்து தருகிறோம். செட்டிங்ஸில் 'டெக்ஸ்ட் கர்சர் இண்டிகேட்டர்' என்று ஒன்று உண்டு. எழுத்து விழப்போகும் இடத்தில், கர்சரின் மேலும் கீழும் நிறப் பொட்டு வைத்தது போலக் காட்டும். 2020-க்குப் பிறகு அப்டேட் செய்த விண்டோஸ் 10-லும் இது இருக்கும்.

அடுத்த சர்வீஸுக்கு எங்கள் பையன்கள் வரும்போது இவை எல்லாவற்றையும் செய்து தருவார்கள். தனிக் கட்டணம் இல்லை, ஒரு கம்ப்யூட்டருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த சீட்டில் தினமும் உட்காருகிறவர் அப்போது பக்கத்தில் இருக்கட்டும். நிறத்தை அவர் கண்ணுக்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

அப்புறம், அன்று கொண்டுபோன கீபோர்டு இன்னும் பிரிக்காமல் கடையில்தான் இருக்கிறது. நிஜமாகவே ரிப்பேர் ஆனவர்கள் கேளுங்கள்.