வசந்திக்கு, இருந்து படி

திருக்கோணமலை
வெள்ளி இரவு

அன்பின் வசந்திக்கு,

எட்டு மாதமாக ஒரு வரியும் இல்லை என்று நீ திட்டியது சின்னக்கா மூலம் வந்து சேர்ந்தது. காணும், விடு. வீட்டில் எல்லாரும் சுகம். வாசலில் வைத்த செவ்வரத்தையை மான்கள் மேய்ந்துவிட்டன, வழமைபோல.

எழுதாததற்கு வெட்கம்தான் காரணம். எனக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது.

உடனே போனைத் தூக்காதே. காலையில் ஒன்றும் தெரியாது. பத்திரகாளி கோவிலில் நின்றுவிட்டு வந்தால் பின்னேரம் அடியில் ஏதோ கனத்துத் தொங்கும், படுத்தால் போய்விடும். ஒருநாள் கிணற்றடியில் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது, முட்டையளவில், மெத்தென்று. புற்றுநோய் என்றே முடிவுகட்டி, தாலிக்கொடி எந்த மகளுக்கு என்பது வரை யோசித்தேன். சிரி, சிரி.

ஆறு மாதம் இவருக்கும் சொல்லவில்லை. கடைசியில் கிளினிக் வாங்கில் போய் இருந்தால், பக்கத்தில் நம்முடைய நெட்போல் கப்டன்! "நீயுமாடி?" என்றாள். அவளுக்குச் சிறுநீர்ப்பை இறக்கம். தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறாளாம். பள்ளியில் எங்களை ஓட ஓட விரட்டியவள்!

பெரியவள் தேடி வாசித்துச் சொன்னாள்: அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையான பெண்களைச் சோதித்ததில், கர்ப்பப்பை இருக்கிறவர்களில் நூற்றுக்கு 41 பேருக்குச் சிறிதாவது இறக்கம் இருந்ததாம். அநேகம் பேருக்கு அது தெரியவே தெரியாதாம். அங்கே எண்ணிவிட்டார்கள். இங்கே வாயைத் திறந்தால்தானே எண்ணலாம்?

எனக்கு மூன்றும் சுகப்பிரசவம். அந்தப் பெயரை வைத்தவன் ஆம்பிளையாகத்தான் இருப்பான். பிறகு 90இல் இடம்பெயர்ந்தபோது சுமந்த சுமை, விடாத இருமல், மாதவிடாய் நின்ற வயது. இதில் எது என்று தனியாகச் சொல்ல ஏலாது என்றார் டொக்டர். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று, கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு ரிங் வைத்தார். சிலிக்கன் வளையம், சின்னப்பிள்ளைக் காப்பு மாதிரி. இரண்டாக மடித்துக் காட்டி விரலை எடுத்தார், டப்பென்று விரிந்தது. சில மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். அப்புறம் பயிற்சி: சிறுநீரை அடக்குகிற மாதிரி இறுக்கி, பிடித்து, விட வேண்டும். இதை எழுதும்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். முகத்தில் ஒன்றும் தெரியாது, பயப்படாதே.

ஒன்றுதான் நித்திரையைக் கெடுக்கிறது. அம்மா கடைசிக் காலத்தில் பழைய சேலைத்துணியை இறுக்கிக் கட்டியபடியே திரிவார். தேருக்கு வா என்றால் வரமாட்டார், குந்த மாட்டார். பஞ்சி பிடித்த மனுசி என்று பகிடி பண்ணினோம். நீயும்தான். அவருக்கும் இதுவாக இருந்திருக்குமோ? கேட்க ஆள் இல்லை.

சரி. போன கடிதத்தில் நீ ஒரு வரி எழுதியிருந்தாய், பின்னேரமானால் இடுப்பு விட்டுப்போகிறது, படுத்தால்தான் சுகம் என்று. அது இடுப்புத்தானாடி? மறைக்காமல் எழுது.

உன்
ராணி